ஹாட் ஸ்டோன் மசாஜுக்குப் பணம் கட்டும் முன் கல் சூடாகும் பாத்திரத்தைப் பாருங்கள்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு ஸ்பாவில், சூடாக்கிய கற்களை உடம்பில் வைத்துச் செய்யும் ஹாட் ஸ்டோன் மசாஜ் செய்துகொண்டபோது என் அக்காவின் கால்விரல்களுக்கு இடையே தீக்காயம் ஏற்பட்டது. அறுபது வயதை நெருங்கும் அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. காயத்துக்குப் பொறுப்பேற்க மறுத்ததோடு, மீதமிருந்த அமர்வுகளுக்கான முன்பணத்தையும் அந்த நிலையத்தார் திருப்பித் தரவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அங்கே நான் பார்த்த குறைகள் அந்த ஒரு நிலையத்தோடு முடிகிறவை அல்ல என்று தோன்றுவதால், நடந்ததையும், இந்த மசாஜ் முறையாகச் செய்யப்பட்டால் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த மசாஜின் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. நாள் முழுவதும் கணினி முன் குனிந்திருக்கும் வேலை என்னுடையது. கோயம்புத்தூரில் வசித்த காலத்தில், தோள்பட்டையும் பிடரியும் இறுகும்போதெல்லாம் அங்கிருந்த ஓர் ஓட்டலின் ஸ்பாவில் இதைச் செய்துகொண்டிருக்கிறேன். சூடு பட்டதும் தசை தளர்கிறது, தோலை ஒட்டிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதனால் மசாஜ் செய்பவர் அதிகம் அழுத்த வேண்டியதில்லை. அழுத்திப் பிடித்தால் வலி தாங்காதவர்களுக்கு இது பெரிய அனுகூலம். அன்றிரவு நல்ல தூக்கம் வரும், ஓரிரு நாள்களுக்குத் தோள் இலகுவாக இருக்கும். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்த நம் பாட்டிமார்களுக்கு இந்தச் சங்கதி புதிதன்று. சித்த மருத்துவம் வகுத்துள்ள 32 புற மருந்துகளில் ஒற்றடமும் உண்டு, உடலைப் பிடித்துவிடும் தொக்கணமும் உண்டு. இன்றைய ஸ்பாக்களில் இது பரவியதற்கு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் மேரி நெல்சன் என்ற மசாஜ் நிபுணர் 1993இல் வகுத்த முறை முக்கியமான காரணம். அதில் சூடான பசால்ட் (எரிமலைப் பாறை) கற்களோடு குளிரவைத்த பளிங்குக் கற்களும் பயன்படுகின்றன.

கோவையில் முதல்முறை போனபோது, மேசையில் படுப்பதற்கு முன்பே ஒரு படிவத்தைக் கொடுத்து, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இதய நோய், கர்ப்பம், ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள், கால் நரம்புச் சுருட்டு, அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கற்கள் கிடந்த தண்ணீர்த் தொட்டியில் வெப்பமானி பொருத்தப்பட்டிருந்தது. முள் 50 டிகிரி செல்சியஸுக்கும் 55 டிகிரிக்கும் இடையில் நின்றது. மசாஜ் செய்த அம்மையார் ஒவ்வொரு கல்லையும் எடுத்துத் தம் உள்ளங்கையில் சற்று வைத்துப் பார்த்துவிட்டு, எண்ணெய் தடவிய முதுகில் வைத்ததும் நகர்த்தத் தொடங்குவார். ஓரிடத்தில் கல் நிற்கவே நிற்காது. அசையாமல் வைக்க வேண்டிய கற்களுக்குக் கீழே மடித்த துணி இருக்கும். சூடு போதுமா, அதிகமா என்று இடையிடையே கேட்பார். அதிகம் என்றால் அந்தக் கணமே எடுத்துவிடுவார். அவர் செய்தவற்றில் பெரும்பாலானவற்றைச் சென்னை நிலையத்தில் நான் பார்க்கவில்லை.

சென்னையில் வரவேற்பில் கையில் திணித்த வழவழப்பான தாளில், கற்கள் ஹவாய்த் தீவின் எரிமலையிலிருந்து வந்தவை என்றும், உடலின் நச்சுகள் வெளியேறும் என்றும், கால்களில் ரத்த ஓட்டம் சீராகிச் சர்க்கரை கட்டுக்குள் வரும் என்றும் அச்சிட்டிருந்தார்கள். நச்சை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் பார்த்துக்கொள்கின்றன. முதுகில் வைக்கும் கல்லுக்கு அதில் பங்கில்லை. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக மருந்துகளையோ மாயப் பொருள்களையோ விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடைசெய்கிறது என்பது, இதை அச்சிட்டவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஹவாய்க் கதையும் தேவையற்றது. பசால்ட் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறை, அடர்த்தியானது, சூட்டை நெடுநேரம் பிடித்துவைக்கும். அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்தது அதே பாறையில்தான். மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. கடல் கடந்து கொண்டுவந்ததாகச் சொல்லிக் கூடுதல் கட்டணம் வாங்க அதில் ஒன்றும் இல்லை.

ஓர் அமர்வுக்கு 4,000 ரூபாய், பத்து அமர்வுகளை மொத்தமாக வாங்கினால் 32,000 ரூபாய் என்றார்கள். தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதையும், பாதங்கள் அவ்வப்போது மரத்துப்போவதையும் அக்கா அங்கேயே தெளிவாகச் சொன்னார். அதற்கு மேலாளர், “சுகர் இருக்கிறவங்கதான் மேடம் எங்ககிட்ட அதிகமா வர்றாங்க, அவங்களுக்குத்தான் இது ரொம்ப நல்லது” என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். படிவம் எதுவும் தரவில்லை. பணம் ஜிபேயில் போனது. பதிலுக்கு வந்தது ஜிஎஸ்டி எண் இல்லாத, கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு. முறையான பில் கேட்டதற்குக் கணினி பழுதாகியிருக்கிறது, பிறகு அனுப்புகிறோம் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே அறையில் அருகருகே மேசைகள் போட்டிருந்தார்கள். மூலையில் ஒரு முக்காலியின் மேல் சோறு வடிக்கும் ரைஸ் குக்கரில் கற்கள் ஆவி பறக்கக் கிடந்தன, வெப்பமானி இல்லை. ரைஸ் குக்கர் சமைக்கும் நிலையில் தண்ணீரைக் கொதிநிலைக்கே கொண்டுபோய்விடும். வெறுமனே சூடாக வைத்திருக்கும் நிலையிலும் பெரும்பாலும் 60 டிகிரியைத் தாண்டும். அந்தப் பெண் இடுக்கியால் கல்லை எடுத்து நேராக என் முதுகில் வைத்தார். தன் கையால் தொட முடியாத கல்லை இன்னொருவர் தோலின் மேல் வைக்கலாம் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. நான் துள்ளி எழுந்து எடுக்கச் சொன்னபோது, “கொஞ்சம் பொறுத்துக்கோங்க மேடம், சூடு உள்ளே இறங்கினாத்தான் வலி போகும்” என்றார். கண்டிப்பாகச் சொன்ன பிறகே கற்களைக் குளிர்ந்த நீரில் நனைத்து எடுத்தார். பேச்சுக் கொடுத்தபோது, தான் புதிதாகச் சேர்ந்ததாகவும், மற்றவர்கள் செய்வதைப் பார்த்தே கற்றுக்கொண்டதாகவும் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பயிற்சியும் கருவியும் கொடுக்காமல் அவரை அந்த அறைக்குள் அனுப்பிய முதலாளியின் மேல்தான் இருக்கிறது.

அக்காவின் முதுகில் துண்டு விரித்திருந்ததால் அங்கே பாதிப்பில்லை. ஆனால் கால்விரல்களுக்கு இடையே சிறிய கற்களைச் செருகுவது இந்த மசாஜில் வழக்கம். அப்படிச் செருகி, சூடு தணியாமலிருக்கப் பாதங்களைத் துண்டால் சுற்றியும் விட்டார்கள். சூடாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அக்கா இதமாக இருக்கிறது என்றே சொன்னார். உண்மையும் அதுதான், அவருக்குச் சூடு தெரியவில்லை. பல ஆண்டுச் சர்க்கரை நோய் பாத நரம்புகளைப் பாதிக்கும்போது வலியும் வெப்பமும் மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. ஆனால் தோல் மட்டும் எல்லோருடைய தோலையும் போலவே வெந்துபோகும். மசாஜ் மேசையில் நம்மைக் காப்பாற்றக்கூடியது “சுடுகிறது” என்ற நம் குரல் ஒன்றுதான் என்னும்போது, அந்தக் குரல் எழவே வழியில்லாத உடம்பில் சூடான கல்லை வைப்பது எத்தகைய காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற கணக்கு நெடுங்காலமாகவே தெரிந்த ஒன்று. மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1947இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தோலின் மேற்பரப்பு 44 டிகிரியில் இருந்தால் காயம் உண்டாக ஏறத்தாழ 6 மணி நேரம் பிடிக்கிறது; அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அந்த நேரம் சுமார் பாதியாகக் குறைந்துகொண்டே வந்து, 60 டிகிரியில் சில நொடிகளாகிவிடுகிறது. முறையான இடங்களில் 50 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் கிடக்கும் கல் யாரையும் சுடாமலிருப்பதற்குக் காரணம், அது காற்றில் சற்று ஆறுகிறது, மசாஜ் செய்பவரின் கையில் ஆறுகிறது, உடம்பில் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரைஸ் குக்கரிலிருந்து எடுத்து, விரலிடுக்கில் செருகி, துண்டைச் சுற்றிவிட்டால் இந்த மூன்று பாதுகாப்பும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன.

சர்க்கரை நோயாளிகள் தினமும் பாதங்களைப் பார்க்க வேண்டும் என்ற அறிவுரையை அக்கா தவறாமல் கடைப்பிடிப்பவர். அன்றிரவு பார்க்கும்போது இரண்டு விரல்களுக்கு இடையே கொப்புளமும், அதன் பக்கத்தில் வெளுத்த தோலும் தெரிந்தன. நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது பற்பசை தடவச் சொன்னார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சுட்ட இடத்தைக் குழாயில் ஓடும் சாதாரணக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுவதே முதலுதவி. பனிக்கட்டி, பற்பசை, மை, மாவு எதுவும் கூடாது, கொப்புளத்தை உடைக்கவும் கூடாது. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அக்காவைப் பார்த்த மருத்துவர் காயத்துக்குக் கட்டுப் போட்டதோடு, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டு உணர்வைச் சோதித்தார். தொட்ட பல இடங்கள் அவருக்குத் தெரியவே இல்லை. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காயம் ஆறுவதற்கோ வாரக்கணக்கில் ஆனது, அதுவரை அக்காவால் சரியாக நடக்க முடியவில்லை.

நிலையத்தார் முதலில் இது எண்ணெய் ஒவ்வாமை என்றார்கள். மருத்துவரின் குறிப்பைக் காட்டியதும், ஏற்கெனவே புண் இருந்திருக்கும் என்றார்கள். பிறகு துண்டுச்சீட்டின் பின்புறம் “கட்டிய பணம் திருப்பித் தரப்படாது” என்று அச்சாகியிருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். கடைசியாக, சமாதானத்துக்கு இலவசமாக ஒரு ஃபேஷியல் செய்து தருவதாகச் சொன்னபோது அக்காவே சிரித்துவிட்டார்.

அந்த வரியை அச்சிட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்கும் உரிமையைத் தருகிறது. பில் தர மறுப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அங்கே தீராவிட்டால், சம்பவம் நடந்த 2 ஆண்டுகளுக்குள், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் மனுச் செய்யலாம். எங்களுக்குக் கைகொடுத்தவை ஜிபே பதிவு, அந்த வழவழப்பான தாள், காயத்தின் படங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மருத்துவர் எழுதிய குறிப்பு. சூடான பொருள் பட்டதால் ஏற்பட்ட தீக்காயம் என்று காரணத்தையும் சேர்த்து எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்; வெறும் “காயம்” என்றிருந்தால் எதிர்த்தரப்புக்கு அதுவே வசதியாகிவிடும்.

இனி இந்த மசாஜுக்குப் போக நினைப்பவர்களுக்கு: பணம் கட்டுவதற்கு முன் அறையைக் காட்டச் சொல்லுங்கள், கல் எதில் சூடாகிறது, வெப்பமானி எங்கே என்று கேளுங்கள், முதல்முறை ஒரே ஓர் அமர்வுக்கு மட்டும் கட்டுங்கள். உங்கள் உடல்நிலையைப் பற்றி அவர்களாகவே கேட்கவில்லை என்றால் திரும்பிவிடலாம். பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கும், காலில் ரத்தக்கட்டி இருப்பவர்களுக்கும் இது வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகளும், இதய நோயாளிகளும், ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்களும் தங்கள் மருத்துவர் சம்மதித்தால் மட்டுமே செய்துகொள்ளலாம். பெற்றோருக்குப் பரிசாக இத்தகைய தொகுப்புகளை வாங்கித் தரும் பிள்ளைகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

1915இல் பதிந்த புகாருக்குப் பிறகு, மீதி அமர்வுகளுக்கான தொகையைத் தந்துவிடுவதாக அந்த நிலையத்தார் தொலைபேசியில் சொன்னார்கள். பதிலுக்கு, காயத்தைப் பற்றி எங்கும் பேச மாட்டோம் என்று நாங்கள் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். அக்கா மறுத்துவிட்டார். மாவட்ட ஆணையத்துக்கான மனு தயாராகிவிட்டது. மருத்துவச் செலவையும் அதில் சேர்த்திருக்கிறோம்.