சீனக் குச்சியா, ஒன்பது கட்டமா, ஆறு கோடா: நம்ம நெல்லை மேடைக்கு எது எடுபடும்?

சீனத்து ஜோசியத்தை வைத்து மென்டலிசம், அதாவது மனசைப் படிப்பது போலக் காட்டும் வித்தை, செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வித்தைகளில் ஒன்றைத்தான் கையில் எடுக்கிறார்கள். மூங்கில் குழலைக் குலுக்கிக் குச்சி விழவைப்பது, லோ ஷூ என்கிற ஒன்பது கட்டம், ஐ சிங் என்கிற பழைய சீன ஜோசிய நூலின் ஆறு கோடு. பாளையங்கோட்டையில் கல்லூரி விழாவோ, டவுனில் கல்யாண வரவேற்போ, அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, நம்ம கூட்டத்துக்கு என்றால் என் ஓட்டு ஆறு கோட்டுக்குத்தான். ஆனால் பார்வைக்கு அழகு குச்சிதான் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஹாங்காங்கில் வோங் தாய் சின் கோயிலில் இந்தக் குச்சி முறை இன்றும் நடக்கிறது. முழங்காலிட்டு, கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு, நூறு குச்சி உள்ள குழலைச் சாய்த்துப் பிடித்துக் குலுக்குவார்கள். ஒரு குச்சி மட்டும் மற்றவற்றைத் தாண்டி நகர்ந்து நகர்ந்து வெளியே விழும். அதிலுள்ள எண்ணுக்கு உரிய பாட்டைப் பார்த்துப் பலன் சொல்வார்கள். சிங்கப்பூரில் வாட்டர்லூ தெருவில் குவான் இம் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே போய் வந்த நம்ம ஊர்க்காரர்களுக்குக் குச்சி குலுங்குகிற சத்தம் புதிதாக இருக்காது.

மேடையில் அந்தச் சத்தமே பாதி வேலையை முடித்துவிடும். விழுந்த குச்சியில் 42 என்றிருக்க, முன்பே மூடி வைத்த ஓலைப்பெட்டிக்குள்ளும் 42 என்று எழுதிய சீட்டு இருந்தால் கைதட்டலுக்குக் குறைவே இருக்காது. உள்வேலைக்கு இரண்டு வழி உண்டு. எல்லாக் குச்சியிலும் ஒரே எண்ணை எழுதிவிடுவது முதல் வழி. இது சென்னை ஏசி அரங்கில் நடக்கும், இங்கே நடக்காது. குழலைக் கொஞ்சம் அதிகமாகச் சாய்த்தால் நாலைந்து குச்சி சேர்ந்து விழும். முன் வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிற பொடியன் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏல, இதுலயும் அதே நம்பர்தாம்ல!" என்று கத்தினால் கதை முடிந்தது.

இரண்டாவது வழி நெயில் ரைட்டர். நகத்தில் ஒட்டிய சின்னப் பென்சில் முனையால், எண் தெரிந்த பிறகு சீட்டில் எழுதுவது. இதில் குச்சிகள் எல்லாமே நேர்மையானவை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் சீட்டை நீங்களேதான் பிரித்துக் காட்ட வேண்டும். "அண்ணாச்சி, அதை இங்க தாங்க, நான் பிரிக்கேன்" என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தர் எழுந்து வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? நம்ம ஆட்கள் எழுந்து வருவார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய தயக்கம் வேறு. பூப்போட்டுப் பார்த்துக் கல்யாணம் முடிவு செய்கிற வீடுகள் இங்கே இன்றும் இருக்கின்றன. சாமி முன்னால் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டி வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லும் அந்த வழக்கத்துக்கும் சீனக் குச்சிக்கும் மனநிலையில் வித்தியாசமே இல்லை. அதனால் குச்சி வித்தை முடிந்ததும் யாராவது ஓர் அம்மா ஓரமாக வந்து, பையனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று கேட்கத்தான் செய்வார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்கு எந்த உரிமையும் கிடையாது. இது வித்தை, ஜோசியம் இல்லை என்று மேடையிலேயே இரண்டு தடவை சொல்லிவிட்டுச் செய்தால் தப்பில்லை. கோயில் கொடையில் மட்டும் குச்சியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அடுத்தது லோ ஷூ. லோ ஆற்றிலிருந்து ஏறி வந்த ஆமையின் முதுகில் இருந்ததாகச் சீனக் கதை சொல்லும் கட்டம் இது. மேல் வரிசையில் 4, 9, 2. நடுவில் 3, 5, 7. கீழே 8, 1, 6. நேராகவோ குறுக்காகவோ மூலைக்கு மூலையோ எப்படிக் கூட்டினாலும் 15. யாரையாவது ஒரு கோட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, 15 என்று எழுதிய உறையைப் பிரித்துக் காட்டுவார்கள். செலவே இல்லை, தவறவும் தவறாது.

ஆனால் இந்த ஊரில் இது எடுபடாது என்பதற்குக் காரணம் நம்ம பூஜை அறையிலேயே இருக்கிறது. குபேரக் கோலத்தின் மேல் வரிசை 27, 20, 25. அடுத்து 22, 24, 26. கீழே 23, 28, 21. எப்படிக் கூட்டினாலும் 72. லோ ஷூவின் மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் இடம் மாற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் 19 கூட்டிப் பாருங்கள், அச்சு அசலாக இதே கோலம்தான் வரும். வெள்ளிக்கிழமை தவறாமல் இதைப் போடுகிற பெண்கள் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில், நீங்கள் உறையைப் பிரிக்கும் முன்பே விடை வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் மட்டும் இதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். அங்கே உறை எதற்கு? இரண்டு கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, 19-ஐப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

பன்னிரண்டு மிருக வருடத்தை வைத்துச் செய்கிற ஐட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீன வருடம் ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் நடுவில் பிறக்கிறது. 2026-இல் குதிரை வருடம் பிப்ரவரி 17-இல்தான் வந்தது. ஜனவரியில் பிறந்தவர் ஒருத்தர் மேடை ஏறினால் கணக்கு உதைக்கும். அதோடு, பெண்களிடம் பிறந்த வருடத்தைச் சபையில் கேட்பது மரியாதையும் இல்லை.

இனி ஆறு கோடு. ஐ சிங்கில் முழுக் கோடு யாங், நடுவில் உடைந்த கோடு யின். மூன்று காசை ஆறு தடவை சுண்டி, கீழிருந்து மேலாக ஒவ்வொரு கோடாகப் போடுவார்கள். இரண்டு வகைக் கோடு, ஆறு இடம், ஆக 64 உருவம். வித்தைக்கு வேண்டியது ஆறு அட்டையும் 64 உருவங்கள் வரைந்த ஒரு பெரிய படமும். படத்தில் ஒவ்வொரு உருவத்துக்குக் கீழேயும் ஓர் எண் இருக்கும். நிகழ்ச்சி தொடங்கும் முன்பே அது சுவரில் தொங்க வேண்டும்.

மேடைக்கு வந்தவர் 1 முதல் 63 வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள்கிறார். ஆறு அட்டையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, தன் எண் இருந்தால் முழுக் கோடு, இல்லாவிட்டால் உடைந்த கோடு என்று அவரே தாளில் கீழிருந்து மேலாக வரைகிறார். நீங்கள் முதுகைக் காட்டி நிற்கலாம். கடைசியில் அவரே போய்ப் படத்தில் தன் உருவத்தைத் தேடுகிறார். கண்டுபிடித்ததும் அதன் கீழே அவர் நினைத்த எண். உருவத்தை வரைந்தவரும் தேடியவரும் அவரேதான், நீங்கள் எதையும் தொடவில்லை.

சூட்சுமம் 0, 1 இரண்டை மட்டும் வைத்து எண்ணும் இரும எண் கணக்குதான். ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண் சொந்தம்: 32, 16, 8, 4, 2, 1. இவற்றில் சிலவற்றைக் கூட்டியே 63 வரை எந்த எண்ணையும் கொண்டுவந்துவிடலாம். 37 என்றால் 32-உம் 4-உம் 1-உம். எனவே அந்த மூன்று அட்டைகளில் மட்டும் 37 இருக்கும். ஒவ்வோர் அட்டையிலும் 32 எண்கள் வரும். 32-இன் அட்டையை முதலில் காட்ட வேண்டும், அதுதான் அடிக்கோடு. அப்படிக் காட்டினால் 37-க்குக் கீழ் மூன்று கோடு இடி, மேல் மூன்று கோடு நெருப்பு என்ற உருவம் கிடைக்கும். ஐ சிங் நூலில் இது 21-ஆம் உருவம், ஆகவே படத்தில் உள்ளது நூலின் வரிசை எண் என்று சொல்லிவிடாதீர்கள்.

அது வேறொரு பழைய வரிசை. பதினோராம் நூற்றாண்டில் ஷாவ் யோங் என்ற சீன அறிஞர் வகுத்தது. 1701-இல் புவே என்ற பாதிரியார் அந்த வரிசைப் படத்தை ஜெர்மன் கணித மேதை லைப்னிட்ஸுக்கு அனுப்பிவைக்க, தான் கண்ட 0, 1 கணக்கும் அதுவும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து அவர் அசந்துபோனார். 1703-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். மற்ற வித்தைகளில் சீனம் என்பது மேலே போட்ட சட்டை. இதில் வித்தையை நடத்துவதே சீனத்துக் கோடுகள். மேடையில் நீங்கள் சொல்லும் கதையில் ஒரு பொய்கூட வேண்டாம், யாருடைய தலைவிதியையும் தொட வேண்டாம். அதனால்தான் என் ஓட்டு இதற்கு.

குறையும் உண்டு. நேரம் பிடிக்கும், ஐந்நூறு பேர் கூட்டத்தில் பின் வரிசைக்குப் படம் தெரியாது. ஐம்பது அறுபது பேர் இருக்கும் இடம்தான் இதற்குச் சரி. வந்தவர் ஓர் அட்டையில் தன் எண்ணைக் கவனிக்காமல் விட்டாலும் எல்லாம் போச்சு. அதனால் எண்களை ஏறுவரிசையில், கொட்டை எழுத்தில் அச்சடியுங்கள். பொருட்காட்சியில் விற்கிற எண் அட்டையில், நினைத்த எண் இருக்கும் அட்டைகளின் முதல் எண்களைக் கூட்டித்தான் விடை சொல்வார்கள். அதைப் பார்த்தவர்கள் மூலையில் இருக்கும் முதல் எண்ணைத்தான் தேடுவார்கள். இங்கே நாம் எதையும் கூட்டப் போவதில்லை என்பதால் வரிசையை நடுவிலிருந்து தொடங்கி, கடைசி எண்ணுக்குப் பின் முதல் எண்ணைச் சேர்த்துச் சுற்றிவிடலாம். அட்டையின் பின்பக்கம் ஒன்று முதல் ஆறு வரை பகிரங்கமாகவே புள்ளி வையுங்கள், வரிசை கலையாது. எண்ணை நினைத்தவர் அதைத் தன் நண்பர் ஒருத்தருக்கு மட்டும் காதில் சொல்லிவிட்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து அட்டையைப் பார்க்கட்டும். ஒருத்தர் கண்ணுக்குத் தப்பினாலும் மற்றவர் கண்ணுக்குத் தப்பாது.