சிரங்குக்கு க்ரீமா மாத்திரையா? எங்க வீட்ல ரெண்டையும் பார்த்தாச்சு

ராத்திரி பதினோரு மணி ஆனா போதும், பையன் எழுந்து உட்கார்ந்து விரல் இடுக்க கரகரன்னு சொறிவான். ஓசூர்ல ஆறு பேரா ஒரே ரூம்ல தங்கி கம்பெனி வேலைக்குப் போறவன், லீவுக்கு பாலக்கோடு வந்தப்போதான் கவனிச்சேன். "வேர்க்குரும்மா, வெயிலு"ன்னான், நானும் விட்டுட்டேன். பக்கத்து மெடிக்கல்ல ஒரு ட்யூப் குடுத்தாங்க, ரெண்டு நாள்ல அரிப்பு அடங்கின மாதிரி இருந்துச்சு, அதையே மூணு வாரம் தடவினோம், அப்புறம் பார்த்தா இடுப்பு தொடை அக்குள்னு பரவி எனக்கும் அத்தைக்கும் வந்துருச்சு. அது ஸ்டீராய்டு ட்யூப்பாம். அரிப்பை மட்டும் அமுக்கும், சிரங்கை உண்டாக்குற பூச்சி உள்ள பெருகிட்டே இருக்கும். டாக்டர் சொல்லாம இந்த மாதிரி ட்யூப்பை தயவுசெஞ்சு தடவாதீங்க.

தருமபுரியில தோல் டாக்டர்கிட்ட போனோம். அவரு லென்ஸ் வச்சு பையன் மணிக்கட்டைக் காட்டினாரு, பென்சில்ல லேசா கீறின மாதிரி அரை இஞ்ச் கூட இல்லாத சாம்பல் கோடு ஒண்ணு, அதுதான் பூச்சி தோலுக்குள்ள குடைஞ்சு போன பாதை. பெண் பூச்சியே அரை மில்லிமீட்டருக்கும் கம்மிதான், அதுக்குள்ள தினமும் ரெண்டு மூணு முட்டை வைக்குமாம்.

வேர்க்குருன்னா கழுத்து, முதுகுன்னு வேர்க்குற இடத்துல வரும், உடம்பு குளுந்தா அடங்கும், பக்கத்துல படுத்தவங்களுக்கு ஒட்டாது. படர்தாமரை வட்டமா, ஓரம் தடிச்சு நடுவுல தெளிஞ்சு இருக்கும். சிரங்கு விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுத்தி, ஆம்பளைங்களுக்கு பிறப்புறுப்புல வரும், ராத்திரி உயிரை வாங்கும். வீட்ல ரெண்டு பேருக்கு சேர்ந்து அரிச்சா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும்.

இப்போ க்ரீமுக்கு வரேன். பெர்மெத்ரின் 5%, இதுதான் என் ஓட்டு. கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு இடம் விடாம, நகத்தை ஒட்ட வெட்டி நகக்கண்ல கூட தடவி, 8ல இருந்து 14 மணி நேரம் வச்சு குளிக்கணும், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. ரொம்ப சின்னக் குழந்தைக்கும் வயசானவங்களுக்கும் தலையிலயும் தடவச் சொல்வாங்க. அரிக்கிற இடத்துல மட்டும் தடவுறதுதான் நிறைய பேர் பண்ற தப்பு. நடுவுல கை கழுவினா திரும்பத் தடவணும், இதை நானே முதல் நாள் மறந்துட்டேன். எங்க பொண்ணு அஞ்சு மாச கர்ப்பம், அவளுக்கு டாக்டர் எழுதினது இது மட்டும்தான்.

ஐவர்மெக்டின் மாத்திரை சுலபம், எடைக்குக் கணக்குப் போட்டு தருவாங்க, கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், 60 கிலோன்னா 12 மில்லிகிராம். ஆனா முட்டையை அது கொல்லாது, அதனால ஒண்ணுல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள ரெண்டாவது டோஸ் கண்டிப்பா போடணும். கர்ப்பிணிக்கும் 15 கிலோவுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கும் பொதுவா குடுக்க மாட்டாங்க. அத்தைக்கு முதுகுக்கு கை எட்டாது, கூச்சமும் ஜாஸ்தி, "எனக்கு மாத்திரையே வாங்கிக் குடும்மா"ன்னாங்க, டாக்டரும் சரின்னாரு. ஹாஸ்டல், பத்து பேர் ரூம்னா மாத்திரைதான் வசதி, எல்லாரையும் தடவ வைக்கிறது நடக்காத காரியம்.

பென்சைல் பென்சோயேட் லோஷன் விலை கம்மி, சொறிஞ்ச புண்ணுல பட்டா தீயா எரியும். காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு பழைய மருந்து, நரம்பைப் பாதிக்கும்னு சொல்றாங்க, குழந்தைக்கு வேணவே வேணாம். வேப்பிலை மஞ்சள் அரைச்சுப் பூசினா எரிச்சல் ஆறும், அத்தை இப்பவும் பூசுறாங்க, நான் தடுக்கல, ஆனா அதை மட்டும் நம்பி நாளை ஓட்டாதீங்க, சொறிஞ்சு சீழ் வச்சா கிட்னி வரைக்கும் போகலாம்.

எதை எடுத்தாலும் வீட்ல எல்லாரும் ஒரே ராத்திரி எடுக்கணும், அரிப்பு இல்லாதவங்களும். முதல் தடவை ஒட்டினா அரிப்பு தெரியவே 4ல இருந்து 6 வாரம் ஆகும், அதுக்குள்ள அவங்க நமக்கே திரும்பக் குடுத்துருவாங்க. மூணு நாளா போட்ட துணி, போர்வை எல்லாம் சுடுதண்ணியில அலசி வெயில்ல போட்டோம், அலச முடியாத கம்பளியை பாலித்தீன் கவர்ல கட்டி ஒரு வாரம் ஓரமா வச்சோம், உடம்பை விட்டா பூச்சி ரெண்டு மூணு நாள்தான் தாங்கும்.

மருந்து போட்ட பிறகும் ரெண்டு மூணு வாரம் அரிச்சுது, பயந்து மூணாவது தடவை க்ரீம் எடுத்தேன், டாக்டர் வேணாம்னு தடுத்து அரிப்புக்கு மாத்திரை மட்டும் குடுத்தாரு. செத்த பூச்சியோட மிச்சத்துக்கு உடம்பு காட்டுற அலர்ஜியாம் அது. 4 வாரம் தாண்டியும் அரிச்சா, புதுசா பொரி கிளம்பினா திரும்பப் போய்க் காட்டணும்.

பையன் ரூமுக்குத் திரும்பறதுக்கு முன்னாடி மத்த அஞ்சு பேருக்கும் போன் போட வச்சேன். கூச்சப்பட்டான், ஆனா பேசினான். மூணு பேரு "எனக்கும் ஒரு மாசமா இருக்குடா"ன்னாங்களாம்.