மொரிஷியஸின் காத்ர் போர்னில் அளவெடுத்துத் தரும் பிரா கடை

25 வருடமாக நான் 38பி போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் அளந்து சொன்ன அளவு அல்ல அது. கல்யாணமான புதிதில் ஒரு கடையில் 36 கேட்டேன். அது இல்லை, 38 எடுத்துக்கொள்ளுங்கள், தாராளமாக இருக்கும் என்றார்கள். அன்றிலிருந்து அதுவே என் அளவாகிவிட்டது.

பள்ளியில் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் முதுகுப் பட்டி மேலே ஏறிவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கழற்றினால் இரண்டு தோளிலும் சிவப்பாகப் பள்ளம் விழுந்திருக்கும். ஐம்பதைத் தாண்டியாயிற்று, இனி இப்படித்தான் என்று பேசாமல் இருந்தேன். கூட வேலை பார்க்கும் தெலுங்கு டீச்சர் ஒருவர்தான் கையைப் பிடித்து இந்தக் கடைக்குக் கூட்டிப் போனார்.

காத்ர் போர்ன் சந்தைக்கு அருகே ஒரு சந்தில் இருக்கிறது. மெட்ரோவில் வந்து இறங்கினால் நடந்தே போய்விடலாம். வியாழன், ஞாயிறு துணிச்சந்தை நாட்களில் போகாதீர்கள். கூட்டத்தில் கடைக்கார அம்மாவால் ஒருவரையும் நிதானமாகக் கவனிக்க முடியாது. செவ்வாய், புதன் காலை நல்லது.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஜோனில், அதாவது ஏற்றுமதித் தொழிற்சாலையில், உள்ளாடை தைத்தவர். 2005இல் துணி ஏற்றுமதிக்கான வெளிநாட்டு ஒதுக்கீடு (கோட்டா) முடிந்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது வேலை போனது. அதற்குப் பிறகுதான் இந்தக் கடை. வணக்கம் மட்டும் தமிழில் சொன்னார், மற்றதெல்லாம் இங்கே பேசும் கிரியோல் மொழிதான். என்னை "மிஸ்" என்றே கூப்பிட்டார்.

முதலில் நான் போட்டிருந்ததையே பார்த்தார். பின்னால் வந்து பட்டியைப் பிடித்து இழுத்தார். ஒரு கை முழுவதும் உள்ளே போனது. "மிஸ், பாரத்தைத் தாங்க வேண்டியது இந்தப் பட்டி. இது சும்மா தொங்குகிறது. அதனால்தான் எல்லாப் பாரமும் தோளுக்குப் போகிறது" என்றார். இத்தனை வருடத்தில் ஸ்ட்ராப்பை இறுக்கி இறுக்கித்தான் சமாளித்திருக்கிறேன். இறுக்க இறுக்கப் பட்டி இன்னும் மேலே ஏறும் என்பது அன்றுதான் புரிந்தது.

அப்புறம் டேப். மார்புக்குக் கீழே, மூச்சை விட்டபின், தரைக்கு இணையாகச் சுற்றி இறுக்கிப் பிடித்தார்: 76 சென்டிமீட்டர். மார்பின் மேல் தளர்வாக: 95. வித்தியாசம் 19. ஐரோப்பிய அளவில் 12 முதல் 14 வரை ஏ கப், அதற்குமேல் இரண்டு சென்டிமீட்டருக்கு ஓர் எழுத்து. நான் டி. கீழ்ச்சுற்று 76 என்பதால் பட்டி எண் 75, ஆக 75டி.

டி என்றதும் சங்கடமாக இருந்தது. டி என்றால் மிகப் பெரிது என்று நினைத்திருந்தேன். எழுத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று மூன்று பிராக்களை மேசைமேல் வைத்துக் காட்டினார். 75டி, 80சி, 85பி மூன்றிலும் கப் கொள்ளும் அளவு ஏறக்குறைய ஒன்றே. பட்டி ஒரு படி சுருங்கினால் எழுத்து ஒரு படி ஏறும். இங்கிலாந்து எண்ணில் இருந்த என் பழைய 38பி என்பது இதே 85பி. கப் பொருந்தியதால்தான் இத்தனை நாள் சந்தேகமே வரவில்லை.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். பிரெஞ்சு லேபிள், ஐரோப்பிய லேபிள், இங்கிலாந்து லேபிள் மூன்றும் ஒரே கூடையில் கிடக்கும். பிரெஞ்சு எண் ஐரோப்பிய எண்ணைவிட 15 அதிகம். என் 75டிதான் பிரெஞ்சில் 90டி, இங்கிலாந்தில் 34டி. லேபிளில் 95 என்று இருந்தால் மார்பளவு 95 என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்திருக்கிறேன்.

போட்டுக்கொள்வதையும் சொல்லிக்கொடுத்தார். புதியதைக் கடைசி ஓரக் கொக்கியில், தளர்வாக இருப்பதில், மாட்ட வேண்டும். எலாஸ்டிக் நாளாக நாளாகத் தளரும்போது உள் கொக்கிக்கு மாறலாம். மாட்டியபின் முன்னால் குனிந்து, அக்குள் பக்கம் ஒதுங்கியிருக்கும் சதையைக் கையால் கப்புக்குள் கொண்டுவர வேண்டும். நடுப்பகுதி மார்பெலும்பில் படிய வேண்டும். கம்பி மார்பைச் சுற்றி இருக்க வேண்டும், மேலே ஏறிக் குத்தக்கூடாது. பட்டிக்குள் இரண்டு விரல் போனால் சரி. கையைத் தூக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், பட்டி நகரவில்லை. முதல் இரண்டு நாள் இறுக்கமாகத் தெரிந்தது, பிறகு பழகிவிட்டது.

ஒன்று 850 மொரிஷியஸ் ரூபாய். மூன்று வாங்கினேன். எங்கள் குர்பீப் ஊரின் மழைக்கு, கையால் துவைத்து நிழலில் போட்டால் ஒருநாளில் காயாது. பஞ்சு வைத்தது வேண்டாம் என்று அவரே தடுத்துவிட்டார்.

குறைகளும் உண்டு. போட்டுப்பார்க்கும் இடத்தில் ஒரு திரைதான், முதுகைப் பார்க்க இரண்டாவது கண்ணாடி இல்லை. "தோல் நிறம்" என்று இருப்பதெல்லாம் வெளிர் நிறம். நம் நிறத்துக்கு ஏற்ற பழுப்பு இரண்டு அளவில்தான் கிடைத்தது. வெள்ளை ரவிக்கை போடுகிறவர்களுக்கு இது பெரிய குறை. எஃப் கப்புக்கு மேல் சொல்லிவைத்து வாங்க வேண்டும். கார்டு எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்றை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பட்டி சரியானதும் மார்பு உயர்ந்துவிட்டது. காவடிக்குத் தைத்த ரவிக்கையில் டார்ட் (மார்பு வடிவத்துக்காகத் தைக்கும் மடிப்பு) முனை இப்போது கீழே நிற்கிறது. மூன்று ரவிக்கையைப் பிரித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். பிரா வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே தையல்காரரிடம் அளவு கொடுங்கள்.

நான்கு மாதமாகிறது. தோளில் பள்ளம் விழுவதில்லை, கடைசிப் பீரியடில் தோள் வலி இல்லை. என் அம்மாவுக்கு 78 வயது, விரல் மூட்டு வலி, பின்னால் கை போகாது. இன்னும் "பாடி" என்றுதான் சொல்வார். முன்கொக்கி வைத்து, கம்பியில்லாமல், பருத்தியில் இரண்டு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த புதன்கிழமை கூட்டிப் போகிறேன்.