எட்டு லட்சமா, நாற்பது லட்சமா: மும்பையில் விபத்து மரணத்துக்குப் பின் எந்த மன்றத்தை நாடுவது?

பஞ்சநாமா எனப்படும் சம்பவ இட அறிக்கை மும்பையில் மராத்தியில்தான் எழுதப்படுகிறது. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இருக்கும் நம்மவர்கள் மராத்தி பேசுவார்கள்; ஆனால் காவலரின் கையெழுத்தில் இருக்கும் மராத்தியைப் படிப்பவர்கள் குறைவு. அப்படி வரும் தாள்களைத் தமிழில் சொல்லிக் காட்டும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ரயிலில் இறந்த ஓர் இளைஞனின் வீட்டார் கொண்டுவந்த அறிக்கையில் 'ரூள் ஓலாண்டதானா' என்று இரண்டே சொற்கள் இருந்தன. தண்டவாளத்தைக் கடக்கும்போது என்று பொருள். ஓடும் வண்டியிலிருந்து விழுந்து என்பதைக் குறிக்கும் 'தாவத்யா காடீதூன் படூன்' என்ற தொடர் அந்த இடத்தில் இருந்திருந்தால், அந்தக் குடும்பம் 8 லட்சம் ரூபாய் கேட்க முடியும். முன்னதை அப்படியே விட்டுவிட்டால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. அவன் அண்ணனோ இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் அடியில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

எந்த மன்றத்துக்குப் போவது என்பதை நாம் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறோம். பாதித் தேர்வை முதல் இரண்டு நாட்களில் எழுதப்படும் தாள்கள் செய்துவிடுகின்றன. எஞ்சிய பாதியைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கணக்கு விளங்குவதற்காக ஒரே மனிதரை எடுத்துக்கொள்வோம்: வயது 35, மாத வருமானம் 20,000 ரூபாய், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய்.

இவர் உள்ளூர் ரயிலிலிருந்து விழுந்து இறந்தால், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவின்படி ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். தொகை 8 லட்சம். 2017 ஜனவரி 1க்கு முன்பு 4 லட்சமாக இருந்தது. மாதம் 20,000 சம்பாதித்தவருக்கும் இரண்டு லட்சம் சம்பாதித்தவருக்கும் இதே தொகைதான். ரயில்வேயின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி. கூட்டத்தில் படியில் தொங்கிக்கொண்டு போனார், அது அவருடைய கவனக்குறைவு என்று ரயில்வே வாதிட்டுத் தப்ப முடியாது என்பதை 2018இல் ரினா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உடலருகே டிக்கெட் கிடைக்கவில்லை என்பதாலேயே மனு தள்ளுபடியாகாது. குடும்பத்தார் முதலில் பிரமாண வாக்குமூலம் தந்தால், மெய்ப்பிக்கும் சுமை ரயில்வே பக்கம் போகும் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. ஆனாலும் பாஸ் கைப்பேசிச் செயலியில் இருந்து, கைப்பேசி தண்டவாளத்தில் நொறுங்கிப்போயிருந்தால், அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிப் பயணச்சீட்டு விவரத்தை எடுத்துவைப்பது நல்லது. மனுவுக்குக் காலம் ஓராண்டு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுப்பார்கள். தற்கொலை, போதை, தண்டவாளத்தைக் கடந்து செல்லுதல் ஆகியவற்றுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. அதனால்தான் அந்த இரண்டு மராத்திச் சொற்களுக்கு இவ்வளவு கனம்.

இதே மனிதர் கிழக்கு விரைவுச் சாலையில் லாரி மோதி இறந்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடும். மோட்டார் வாகன விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயம் சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) ஆகிய இரு தீர்ப்புகளின் வழியே தொகையைக் கணக்கிடுகிறது. 20,000 ரூபாயுடன் எதிர்கால உயர்வாக 40 விழுக்காடு சேர்த்தால் 28,000, ஆண்டுக்கு 3,36,000. நால்வர் அவரை நம்பியிருந்ததால் அவருடைய சொந்தச் செலவாகக் கால் பங்கைக் கழித்தால் 2,52,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கல் எண் 16 என்பதால் 40,32,000 ரூபாய் வருகிறது. ஈமச்செலவு, துணையையும் பெற்றவரையும் இழந்ததற்கான தொகை முதலியவை இதற்கு மேல். மனு கொடுத்த நாளிலிருந்து வட்டியும் உண்டு என்பதால் வழக்கு நீள்வதன் இழப்பு ஓரளவு ஈடாகிறது.

ஆனால் இந்த நாற்பது லட்சம் 20,000 என்ற எண்ணின் மீது நிற்கிறது. தோல் பட்டறையிலும் இட்லி வியாபாரத்திலும் கையில் காசாக வாங்கியவருக்கு என்ன சான்று இருக்கும்? சான்று இல்லையென்றால், குறைந்தபட்சக் கூலியை ஒட்டித் தீர்ப்பாயமே ஒரு வருமானத்தை ஊகித்துக்கொள்ளும். அது 12,000 என்று ஆனால் அதே சூத்திரத்தில் 24,19,200 ரூபாய்தான் வரும். வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழுந்த சிறு தொகைகள், ஊருக்கு அனுப்பிய பணத்தின் ரசீதுகள், முதலாளியின் கைப்பட எழுதிய கணக்கு நோட்டு ஆகியவற்றின் மதிப்பு இங்கேதான் தெரியும்.

சாலை மரணத்தில் உட்தேர்வு ஒன்றும் இருக்கிறது. பலர் சறுக்குவது இதில்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, யார் தவறு என்ற கேள்வியே இல்லாமல் 5 லட்சம் ரூபாய் பெறலாம். காப்பீட்டு நிறுவனம் முன்வைக்கும் அந்த ஏற்பாட்டைச் சம்மதித்து வாங்கிக்கொண்டால், 166ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் இருக்கும் பெரிய மனு காலாவதியாகிவிடும். எதிர் வண்டியின் தவறு குற்றப்பத்திரிகையில் பதிவாகியிருக்கும்போது 5 லட்சத்துக்குக் கையெழுத்திடுவது, என் பார்வையில், அவசரத்தில் செய்யும் பெரும் பிழை. யார் தவறு என்பதே மங்கலாக இருந்தால் மட்டும் அதைப் பரிசீலிக்கலாம். மோதிய வண்டி அடையாளமே தெரியாமல் ஓடிவிட்டால் அரசு நிதியிலிருந்து 2 லட்சம் கிடைக்கும். இறந்தவர் தம் சொந்த இருசக்கர வண்டியில் தாமாகவே சறுக்கி விழுந்திருந்தால் எதிர்த்தரப்பு இல்லாததால் தீர்ப்பாயத்தின் வழி அடைபடும். எனினும் வண்டி அவர் பெயரில் இருந்து, உரிமமும் செல்லுபடியாக இருந்தால், உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு பாலிசியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் யாரும் அந்தத் தாளைப் புரட்டிப் பார்ப்பதே இல்லை.

2022 ஏப்ரல் 1க்குப் பிந்தைய விபத்துகளுக்கு மனுச் செய்ய ஆறு மாதம் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் உண்டு. அவற்றை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். நம்மவர்களுக்கு ஒரு வசதி: குடும்பம் வசிக்கும் இடத்திலும் மனுச் செய்யலாம். கணவனை இழந்தவர் பிள்ளைகளுடன் திருநெல்வேலிக்கே திரும்பிவிட்டால், மும்பை விபத்துக்கு அங்கேயே வழக்கு நடத்தலாம். சாட்சிகளும் காவல் நிலையமும் இங்கே இருக்கின்றன என்பதையும் எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும்.

வேலையிடத்தில் நேர்ந்த மரணத்துக்கு 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நெடுங்காலம் வழிகாட்டியது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நிற்கிறது. மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்கும் முறை இரண்டிலும் உண்டு. பழைய சட்டத்தில் 2020 முதல் கூலிக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு இருந்ததால், நம் 35 வயதுக்காரருக்கு 7,500ஐ 197.06ஆல் பெருக்கி 14,77,950 ரூபாய் வரும். தீர்ப்பாயத்தின் நாற்பது லட்சத்தோடு பார்க்கையில் இது சிறிதுதான். ஆனால் இங்கே முதலாளியின் தவற்றைக் காட்ட வேண்டியதில்லை. தொழிலாளியின் கவனக்குறைவும், மரணம் என்று வந்துவிட்டால், தடையாகாது. ஒப்பந்தக்காரர் மறைந்துவிட்டாலும் வேலையைக் கொடுத்த பெரிய நிறுவனத்திடம் கேட்கலாம்.

டெம்போ ஓட்டுநர் வேலை நேரத்தில் சாலையில் இறந்தால் இரண்டு வழிகளும் திறந்திருக்கும். ஒன்றில் மட்டுமே நுழையலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு. எதிர் வண்டியின் தவறு தெளிவாக இருந்தால் வாகனத் தீர்ப்பாயம். ஓட்டுநரே தூக்கக் கலக்கத்தில் தடுப்புச் சுவரில் மோதியிருந்தால் தொழிலாளர் வழி. இரண்டாவது நிலையில் தீர்ப்பாயத்துக்குப் போய்ச் சில ஆண்டுகள் கழித்து வெறுங்கையோடு திரும்பிய குடும்பத்தை நான் அறிவேன்.

இறந்தவருக்கு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு இருந்தால் முதலாளியிடம் இந்த மொத்தத் தொகையைக் கேட்க முடியாது. இது நட்டம் என்று வீட்டார் புலம்புவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூலியில் ஏறத்தாழ 90 விழுக்காடு, அதாவது நம் உதாரணத்தில் சுமார் 18,000 ரூபாய், மாதாமாதம் சார்ந்தோர் உதவியாகப் பிரித்துக் கொடுக்கப்படும். ஏழே ஆண்டில் அது 14,77,950ஐத் தாண்டிவிடும். மொத்தப் பணத்தைச் சுற்றிக் கூடும் உறவினர் கூட்டமும் இதற்கு வராது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி இறந்தவர்களுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாய் என்று தனியாக நிர்ணயித்திருக்கிறது.

மருத்துவமனை மரணம் இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது. தவற்றை நாம்தான் மெய்ப்பிக்க வேண்டும். பணம் கட்டிச் சிகிச்சை பெற்றிருந்தால் நுகர்வோர் ஆணையம் ஏற்ற இடம்: காலம் இரண்டாண்டு, கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு இந்த வழி பொருந்தாது. டாக்டர் குணால் சாஹா தம் மனைவியின் மரணத்துக்காக நடத்திய வழக்கில் 2013இல் சுமார் 6 கோடி ரூபாயும் வட்டியும் தீர்ப்பானது. ஆனால் மரணம் 1998இல் நிகழ்ந்தது, கணவரே மருத்துவர். பிணக்கூறாய்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து வழக்குப் போட நினைப்பவர்களிடம் நான் நம்பிக்கையாக எதுவும் சொல்வதில்லை. சிகிச்சைக் குறிப்புகளை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. அதையாவது உடனே கேளுங்கள். மருத்துவர் மீது குற்ற வழக்கு என்பது ஆறுதல் தரலாம். ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் (2005) பின் அதற்கு மிகக் கடுமையான அலட்சியம் காட்டப்பட வேண்டும். பணமும் அதிலிருந்து வராது.

சாலைக் குழியிலோ திறந்த மேன்ஹோலிலோ விழுந்து இறந்தவர்களின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அதைவிடப் பெருந்தொகை வேண்டுமென்றால் 1855ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டப்படி உரிமையியல் வழக்கு உண்டு. இரண்டாண்டு வரம்பு, கேட்கும் தொகைக்கேற்ற நீதிமன்றக் கட்டணம், உடன்பிறந்தவர்களுக்கு உரிமையில்லை. வேறு வழி எதுவுமே பொருந்தாத போதுதான் இதைச் சொல்வேன். 2024 மே 13 அன்று காட்கோபரில் விளம்பரப் பலகை விழுந்து 17 பேர் இறந்தபோது மாநில அரசு அறிவித்த 5 லட்சம் போன்றவை கருணைத் தொகைகள். அவற்றை வாங்குவதால் வழக்குரிமை தானாகப் போய்விடாது. வாங்கும்போது நீட்டப்படும் தாளில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எந்த வழியில் போனாலும் நம்மவர்களின் மனு முதலில் இடறுவது பெயரில்தான். ஊர் ரேஷன் அட்டையில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், மும்பை ஆதாரில் தந்தை பெயர் நடுவிலும் சாதிப் பெயர் கடைசியிலுமாக இன்னொரு பெயர், இறப்புச் சான்றில் மராத்தி உச்சரிப்பில் மூன்றாவது பெயர். மூன்றும் ஒருவரே என்ற பிரமாணத்தை மனுவோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் இரண்டு வாய்தா மிச்சம். வழக்கறிஞர் செலவுக்கு அஞ்ச வேண்டாம்: பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணையத்தில் இலவச வழக்கறிஞர் உண்டு. கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு என்று சவக்கிடங்கு வாசலிலேயே பேரம் பேசும் ஏஜென்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெற்றித் தொகையில் பங்கு கேட்பது வழக்கறிஞர்களுக்கே பார் கவுன்சில் விதிப்படி தடை. இழப்பீடு மனைவியின் கணக்குக்கு நேராக வரும், பிள்ளைகளின் பங்கு அவர்கள் மேஜராகும்வரை வைப்புத்தொகையாகக் கிடக்கும் என்பதால்தான், கணக்குத் திறந்த அன்றே வெற்றுக் காசோலைகளில் கையெழுத்து வாங்கிக்கொள்ள அந்த ஏஜென்டுகள் கூடவே வருகிறார்கள்.