டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா: சாகச மாதிரி விமானத்தின் சோதனைப் பறப்புக்கு எது ஏற்றது?

ஒன்றரை மீட்டர் இறக்கையும் இரண்டரை கிலோ எடையும் கொண்ட ரேடியோ கன்ட்ரோல் சாகச விமானத்துக்கு 7.5 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜினைப் பொருத்துவதா, 11.5 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினைப் பொருத்துவதா என்பது, பெட்டியில் அச்சிட்ட குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் உடனே தீர்ந்துவிடும் கேள்வி. முன்னதற்கு நிமிடத்துக்கு 16,000 சுற்றில் ஒன்றரைக்கு மேல் போட்டிருப்பார்கள். பின்னதற்கு 11,000 சுற்றில் ஒன்றைச் சற்றே தாண்டும். ஆனால் நாம் மாட்டும் 11×6 அங்குல (விட்டம் 11, ஒரு சுற்றில் முன்னேறும் தூரம் 6) ப்ரொப்பெல்லரோடு டூ ஸ்ட்ரோக் தரையில் 12,000 சுற்றைத் தொட்டாலே மகிழலாம். ஃபோர் ஸ்ட்ரோக் 13×6 ப்ரொப்பெல்லரை 9,500 சுற்றை ஒட்டிச் சுழற்றும். இழுவிசையில் இரண்டும் ஏறத்தாழச் சமம்தான். ஆகவே நான் பார்ப்பது வேறொன்றை: சோதனைப் பறப்பில் விமானத்தின் குறைகள் தெரிய வேண்டும், என்ஜினின் குறை அவற்றோடு கலந்து நம்மைக் குழப்பக்கூடாது.

டூ ஸ்ட்ரோக் தன் நிலையை வாய்விட்டுச் சொல்லிவிடும். முழு த்ராட்டிலில், எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஊசித் திருகான நீடிலைச் சிறிது சிறிதாக உள்ளே திருகும்போது ஈரமான கரகரப்பு மறைந்து ஒலி கூர்மையாகும். மேலும் திருகினால் சுற்று உச்சத்தைத் தொட்டுச் சரியும். உச்சத்திலிருந்து 300 சுற்று குறையும்வரை நீடிலைத் திறந்துவிட வேண்டும். பிறகு ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து பிடித்து மூக்கை நேர் மேலே தூக்கும்போது ஒலி சற்றே ஏறினால் எரிபொருள்-காற்றுக் கலவை சரி. தொய்ந்தால் இன்னும் எரிபொருள் வேண்டும். ஐடிலிங்குக்கு, அதாவது மிகக் குறைந்த வேக ஓட்டத்துக்கு, எரிபொருள் வரும் சிலிகான் குழாயை விரலால் நெரித்துப் பார்த்தால் போதும். நெரித்தவுடன் நின்றால் எரிபொருள் போதவில்லை. இரண்டு மூன்று விநாடி ஓடி, லேசாக வேகம் கூடி நின்றால் சரி. வெகுவாகக் கூடினால் எரிபொருள் அதிகம். காற்றுத் துளை வைத்த கார்புரேட்டரில் ஐடிலிங் திருகைத் திறந்தால் எரிபொருளின் பங்கு குறையும், இரட்டை நீடில் கார்புரேட்டரில் கூடும் என்பதை மறந்து, எதிர்ப்பக்கமே திருகி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை இழந்தவன் நான்.

ஃபோர் ஸ்ட்ரோக்கிடம் காதை நம்ப முடியாது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே எரிவதால் ஒலி தணிந்திருக்கும். உச்சத்துக்கும் அதைக் கடந்த நிலைக்கும் உள்ள வேறுபாடு எளிதில் பிடிபடாது. சுற்றை அளக்கும் டேக்கோமீட்டர் இல்லாமல் அதன் நீடிலைத் தொடக்கூடாது என்பேன். எரிபொருள் குறைந்தால் டூ ஸ்ட்ரோக் பெரும்பாலும் சூடேறித் தொய்யும். ஃபோர் ஸ்ட்ரோக்கிலோ கலவை முன்கூட்டியே வெடித்து, உதைத்து, ப்ரொப்பெல்லரையே கழற்றி எறியக்கூடும். இரட்டை நட்டு வைப்பது அதற்காகத்தான். போதாக்குறைக்கு, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளியை 0.04 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள் வைக்கும் வேலையும் உண்டு.

வானில் கணக்கு மாறுகிறது. செங்குத்தாக ஏறும்போது டேங்க் கார்புரேட்டருக்குக் கீழே போய்விடுவதால் கலவையில் எரிபொருள் குறையும். முன்பொருமுறை டூ ஸ்ட்ரோக்கை உச்சத்திலேயே விட்டுவிட்டுப் பறக்கவிட்டேன். மூன்றாவது ஏற்றத்தில் என்ஜின் தொய்ந்து, வேகம் இறங்கி, மூக்கு இடப்பக்கம் சாய்ந்தது. இடப்பக்க இழுப்பை ஈடுகட்ட என்ஜினை வலப்பக்கம் திருப்பி வைத்த சாய்வு போதவில்லை என்று முடிவு கட்டி, என்ஜின் தாங்கியின் இடப்பக்கத்துக்குப் பின்னால் ஒரு வாஷரைச் செருகினேன். கலவையைச் சரிசெய்த பிறகு அதே ஏற்றத்தில் விமானம் வலப்பக்கம் போனது.

இறங்கும்போது ஃபோர் ஸ்ட்ரோக்கே மேல். ஐடிலிங்கில் அதன் அகன்ற ப்ரொப்பெல்லர் பிரேக் போல வேகத்தைக் கட்டுப்படுத்தும். அடியில் த்ராட்டிலைத் திறந்தால் தயங்காமல் எழும். நீண்ட இறக்கத்தில் டூ ஸ்ட்ரோக்கின் கிராங்க் அறையில் எரிபொருள் தேங்குவதால், திறந்தவுடன் ஒருகணம் திக்கும். மேலும் ஃபோர் ஸ்ட்ரோக் குறைவாகக் குடிப்பதால், அதே பறப்பு நேரத்துக்குச் சிறிய டேங்க் போதும். எரிபொருள் தீரத் தீர எடைமையம் பின்னால் நகர்வதும் குறையும். எந்த என்ஜினானாலும் எடைமையத்தைக் காலி டேங்க்கோடுதான் பார்க்க வேண்டும்.

மின்மோட்டாருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. மாதிரி விமானச் சாகசத்துக்கான பன்னாட்டு எஃப்3ஏ போட்டியில், 42.56 வோல்ட் வரம்புக்குள், பத்து செல் பேட்டரியோடு பறப்பவர்கள் பலர். ஆயினும் ஒரு செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டிலிருந்து இறங்கிக்கொண்டே இருப்பதால், முதல் ஏற்றமும் கடைசி ஏற்றமும் ஒன்றல்ல. மேற்சொன்ன இரு என்ஜின்களின் எரிபொருளுக்கான மெத்தனாலை நம் ஊரில் உரிமத்தோடுதான் வாங்க வேண்டும் என்பதும் மின்மோட்டாருக்கே சாதகம். இந்த அளவு விமானத்தில் பெட்ரோல் என்ஜினின் இக்னிஷன் எடை எனக்கு ஒவ்வவில்லை.

ட்யூனிங் கற்பதற்கு டூ ஸ்ட்ரோக், சாகசம் பழகுவதற்கு ஃபோர் ஸ்ட்ரோக் என்பது என் முடிவு. ஒன்று மட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்: பெரிய ப்ரொப்பெல்லரின் முறுக்கும் சுழல்காற்றும் மூக்கை இடப்பக்கம் கூடுதலாக இழுக்கும். டூ ஸ்ட்ரோக்கிலிருந்து கழற்றி எறிந்த அந்த வாஷரை, ஃபோர் ஸ்ட்ரோக்கை மாட்டிய அன்று புல்லுக்குள் தேட வேண்டியிருந்தது.