பைண்டிங் கிட் ஆன்லைன்ல வாங்கறவங்க கவனிங்க, 4,850 ரூபாய் போச்சு

கையால நோட்டும் பெட்டியும் செய்யற கிட், ஒண்ணு 485 வீதம் பத்து செட். மொத்தம் 4,850 ரூபாய். வர்ற ஞாயிறு கோபிசெட்டிபாளையத்துல பசங்களுக்கு வகுப்பு. முந்தாநேத்து கூரியர் வந்துச்சு, பத்துல ஒண்ணுகூடத் தேறாது.

வித்தது ஒரு ஆன்லைன் கைவினைப் பொருள் பக்கம். பேரு இப்ப வேண்டாம். நம்புனதுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணு. "அட்டை எத்தனை எம்எம்ங்க?"ன்னு கேட்டதுக்கு வெர்னியர் வெச்சு அளந்தே வீடியோ அனுப்புனாங்க. 2.5 எம்எம், தெளிவாத் தெரிஞ்சுது. தொழில் தெரியாதவன் வெர்னியர் எடுக்க மாட்டான்னு நினைச்சோம். கூடவே, "பயப்படாமப் போடுங்ணா, நம்மூர்க்காரங்களுக்குத் தப்பாக் குடுப்பமா?" முழுப் பணமும் போயிருச்சு.

வந்தது 1.5 எம்எம். அதுவும் பைண்டிங்குக்குப் போடற கெட்டியான கிரே போர்டு இல்ல, வைக்கோல் அட்டை. ஓரத்தை நகத்துல கீறுனா ஏடு ஏடா உரியுது. ஒரு எம்எம்தானேன்னு விடறதுக்கில்லீங்க. பெட்டியோட அடித்தட்டு 150 எம்எம், சுவர் அதைச் சுத்தி நிக்கும். 2.5 அட்டைன்னா வெளியகலம் 155, துணியும் பசையும் சேர்ந்தா 156. மூடியோட உள்ளகலம் 157. அந்த ஒரு எம்எம் சந்துலதான் மூடி காத்தை விட்டுக்கிட்டே மெதுவா இறங்கும். 1.5 அட்டையில அதே பெட்டி 154 தான் வரும், மூடி லொடலொடன்னு ஆடும். அளவெல்லாம் 2.5க்கு வெட்டிப்போட்டு அட்டையை மட்டும் மாத்தியிருக்காங்க.

அதைவிடக் கொடுமை கிரெய்ன். தாளோ அட்டையோ, நார் ஒரே திசையில ஓடும். ஈரம் பட்டா குறுக்கால விரியும். அதனால புத்தகத்துல நார் முதுகுக்கு இணையா ஓடணும். இங்க துண்டு மிச்சம் புடிக்கறதுக்காகக் குறுக்க வெட்டியிருக்காங்க. வெளியே கலிக்கோத் துணி, உள்ளே தாள் ஒட்டி, ராத்திரி பூராக் கனம் வெச்சுப் பார்த்தோம். காலையில நாட்டு ஓடு மாதிரி வளைஞ்சு கிடக்குது.

நூல் 'மெழுகு பூசுன லினன்'னு போட்டிருந்துச்சு. நுனியைக் கொளுத்துனா உருகிக் கறுப்பு மணியாத் திரளுது. பாலியஸ்டர்! லினன்னா காகிதம் எரியற வாசத்தோட சாம்பலாகும். மெழுகும் மெழுகுவத்தி மெழுகு, விரல்ல வெள்ளையா உதிருது. இந்த மெல்லிசு நூலை இறுக்குனா 80 ஜிஎஸ்எம் தாளை மடிச்சு அடுக்குன கட்டை, அதான் பாரத்தை, மடிப்போட அறுத்துரும், முடிச்சும் நழுவும். கலிக்கோவை வெளிச்சத்துல புடிச்சா சல்லடை, பசை மேல வந்து கறையா நிக்குது. உருப்படியா இருந்தது ஊசி மட்டுந்தான்.

கூப்பிட்டா, "கிளைமேட்டுங்ணா, காஞ்சா சரியாயிரும்." காஞ்சா 1.5 எப்படிங்க 2.5 ஆகும்? அடுத்து, "பிரிக்கறப்ப வீடியோ எடுத்தீங்ளா? இல்லைன்னா ரிட்டர்ன் கிடையாதுங்க." கடைசியா, "485 ரூபாய்க்கு இதுக்கு மேல என்னங்ணா வரும், போச்சாது விடுங்க." 4,850 ரூபாய் போச்சாதா? அதுக்கப்புறம் நீல டிக்கு மட்டும். இன்னைக்குக் காலையில டிபியும் காணோம்.

கிட் பார்த்து வாங்கறது எப்படின்னு விரிவா எழுதத்தான் உக்கார்ந்தது, மனசு ஓடல. இதை மட்டும் பண்ணுங்க. வெட்டுன அட்டை வாங்காதீங்க. முழு ஷீட்டை ரெண்டு வாட்டத்துலயும் வளைச்சுப் பாருங்க, எந்த வாட்டத்துல லேசா வளையுதோ அந்த மடிப்புக்கோட்டோடதான் நார் ஓடுது. வெர்னியர் வீடியோவை நம்பாதீங்க, அவன் அளக்கறது வேற அட்டை. வந்ததுல பத்து அட்டையை அடுக்கி ஸ்கேல் வைங்க, 25 எம்எம் வரணும். முதல்ல ஒரு செட் மட்டும் வாங்குங்க. பிரிக்கறப்ப வீடியோ எடுங்க. மாட்டிக்கிட்டா நுகர்வோர் உதவி எண் 1915, நாங்களும் பதிஞ்சாச்சு.

ஞாயிறுக்குள்ள ஈரோட்டுல 2.5 எம்எம் கிரே போர்டு எட்டு ஷீட் எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.