கொழிஞ்சாம்பாறை பக்கம் மாஷோட ஓட்டப் பயிற்சி: ஒன்பது மாசமா பார்த்தது

கேரள எல்லையில, பாலக்காட்டு ஜில்லா வேலந்தாவளத்துல தையல் கடை வச்சிருக்கேன். மக பத்தாவது, தமிழ் மீடியம். 400 மீட்டர் தடை ஓட்டம் ஓடறா. ஒன்பது மாசமா கொழிஞ்சாம்பாறை பக்கத்து மண் மைதானத்துல மாஷ்கிட்ட (இங்க வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) விட்டிருக்கேன். மாசம் 600 ரூபாய். ஜாக்கெட் தைக்க வர்ற அம்மாமாருங்க, "சேர்க்கலாமாக்கா?"ன்னு கேட்டுட்டே இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

மாஷ் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சின்னக் காலேஜ்ல கோச்சா இருந்தவர். கோச்சுகளுக்குன்னே இருக்கற பாட்டியாலா என்.ஐ.எஸ். டிப்ளமோ கையில இருந்தும் பல வருஷம் தொகுப்பூதியம்தான். அப்புறம் அதே காலேஜ்ல பிசிகல் டைரக்டர் ஆகி, அங்கேயே ரிட்டயர் ஆனார். விசில் ஊதின மனுஷன் என்ட்ரி ஃபார்ம், பஸ் வாடகை, ஸ்டாக் ரிஜிஸ்டர்னு மேஜையில உட்கார்ந்தார். கிரவுண்டும் தெரியும், ஆபீஸும் தெரியும். நான் இங்க பணம் கட்டறதே அதுக்குத்தான்.

முன்னாடி விட்டிருந்த இடத்துல செங்கல் அடுக்கி அது மேல மூங்கிலை வச்சுத் தாண்டச் சொன்னாங்க. முட்டி கிழிஞ்சு வந்தா. மாஷ்கிட்ட இருக்கிறது வெல்டிங் பட்டறையில அடிச்ச பைப் தடைங்கதான். ஆனா உயரம் 76.2 சென்டிமீட்டர், அதாவது சரியா 30 இஞ்ச். சந்தேகம் வந்து என் டேப்பை வச்சே அளந்தேன், நூல் பிசகலை. மேல் பட்டையோட நடுவுல கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்ப்பார். 3.6 கிலோவுக்கும் 4 கிலோவுக்கும் நடுவுல சாயணும். அதுக்கு மேல இழுத்தும் சாயலைன்னா தடையோட அடியில இருக்கற எடைக்கட்டையை நகர்த்தி வைப்பார். கால் பட்டா தடை விழணும், புள்ளை விழக்கூடாதுங்கறதுல அவ்வளவு கவனம். கிளம்பற கோட்டிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர், தடைங்களுக்கு நடுவுல 35, கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 40. தோள்ல அரை இஞ்ச் பிசகினா ரவிக்கையே வீணாகும்னு தெரிஞ்சவ நான். வாரா வாரம் சுண்ணாம்புக் கோட்டை அவர் புதுசா போடறதைப் பார்த்தாலே எனக்கு நிம்மதியா இருக்கும்.

புதுசா சேர்றவங்களுக்கு ரெண்டு மாசம் தடை தாண்டறதே கிடையாது. அடி எண்ணி ஓடறது, இடுப்புப் பயிற்சி, அவ்வளவுதான். எனக்கே பொறுமை போச்சு. இப்பத்தான் காரணம் புரியுது. "அம்முணி, குதிக்காத, அது மேல ஓடு"ங்கறார், அவளும் ஓடறா. மார்கழி, தையில கிழக்கே இருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆளைத் தள்ளும். அதுக்கு எதிராவும் ஓட விடுவார்.

முடிவுக் கோட்டுக்கிட்ட நெஞ்சை முன்னால தள்ளறதை மட்டும் தினம் பத்துத் தடவை செய்ய வைக்கறார். 1984 லாஸ் ஏஞ்சலஸ்ல பி.டி. உஷா இதே 400 மீட்டர் தடை ஓட்டத்துல 55.42 வினாடி. மூணாவது வந்தவங்க 55.41. அதைச் சொல்லும்போது மாஷோட குரல் இன்னும் கம்மும். உஷாவோட கோச் நம்பியாருக்கு 1985ல துரோணாச்சார்யா விருது கிடைச்சது, அந்த விருதைத் தொடங்கின வருஷமே. அதையும் விடாம சொல்வார்.

ஒவ்வொரு புள்ளைக்கும் தனி ஃபைல். பிறப்புச் சான்று, ஆதார் நகல், போட்டோ, வாரா வாரம் எடுத்த டைமிங். பழைய இடத்துல சான்று நகல் வைக்க மறந்துட்டாங்க. பேரே சேராம மைதானத்து ஓரத்துல நின்னு அழுதுட்டு வந்தா. இந்தத் தடவை உபஜில்லா அளவுல நடக்கற ஸ்கூல் மீட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே எல்லாம் தயார். ரெண்டாவதா வந்தா.

குறையும் இருக்கு. பொம்பளைப் புள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை, உடை மாத்த ஒரு மறைப்பும் இல்லை. நாலு அம்மாக்கள் சேர்ந்து கேட்டிருக்கோம், தகரம் அடிக்கறேன்னு சொல்லியிருக்கார். மழை பெஞ்சா லீவுன்னு அஞ்சு மணிக்குத்தான் மெசேஜ் வருது. அதுக்குள்ள நாங்க பஸ் ஸ்டாப்புல நிக்கறோம்.

சேர்க்கணும்னா காலையில அஞ்சரைக்குள்ள போங்க, அப்புறம் கேட்டைச் சாத்திடுவார். பிறப்புச் சான்று நகல் ரெண்டு எடுத்துக்கங்க. ஸ்பைக்ஸ் (அடியில ஆணி வச்ச ஓட்ட ஷூ) வாங்கிடாதீங்க, எப்ப வேணும்னு அவரே சொல்வார்.